அல்பேனியா போறீங்களா? மதம் திரும்பி வந்த கதையை எங்க, எப்படி பாக்கணும்

அல்பேனியான்னாலே இப்போ எல்லாரும் பீச் ரீல்ஸ்தான் போடுறாங்க. சரந்தா, க்ஸாமில், நீலத் தண்ணி, சீப்பான ரூம்னு. அதையும் பாருங்க, வேணாம்னு சொல்லல. ஆனா "உலகத்தோட முதல் நாத்திக நாடு"ன்னு தனக்குத்தானே பட்டம் கட்டிக்கிட்ட ஒரு நாட்டுல, இருபத்தி மூணு வருஷம் மசூதி, சர்ச் எல்லாத்தையும் பூட்டி வச்சிருந்த நாட்டுல, அந்த நம்பிக்கை எல்லாம் எப்படி மறுபடி தெருவுக்கு வந்துச்சுங்கிறத பாக்காம திரும்புனா பாதி நாட்டை விட்டுட்டு வர்றீங்கன்னுதான் சொல்லுவேன். இந்த பதிவு அதுக்குத்தான். எந்த ஊருக்கு முதல்ல போறது, ஒரு கட்டடத்தைப் பாத்தா என்ன கேள்வி கேக்குறது, ஆளுங்ககிட்ட எப்படி பேச்சு கொடுக்குறதுன்னு.

கிளம்புறதுக்கு முன்னாடி சில தேதிகளை மட்டும் மனசுல ஏத்திக்கோங்க, இது இல்லாம போனா எல்லாமே வெறும் சுவரா தெரியும். 1967 பிப்ரவரி 6, அப்போ நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா ஒரு பேச்சு பேசுறாரு, அதுக்கப்புறம் பள்ளிக்கூட, காலேஜ் பசங்களை முன்னாடி விட்டு ஊர் ஊரா மசூதி, சர்ச், தைக்கான்னு சொல்ற சூஃபி மடம் எல்லாத்தையும் மூடுறாங்க, சிலதை இடிக்கிறாங்க. அந்த வருஷம் மூடுனது மொத்தம் 2,169ன்னு சொல்றதுதான் எல்லா இடத்துலயும் வர்ற கணக்கு. 1976-ல புது அரசியல் சட்டம், அதுல 37-வது பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, நாத்திகப் பிரச்சாரத்தை ஆதரிக்கும்னு நேராவே எழுதிட்டாங்க. அப்புறம் 1990 நவம்பர். இந்த கடைசி தேதியை நல்லா பிடிச்சுக்கோங்க, ஏன்னா வேற கட்சி வச்சுக்கலாம்னு அரசாங்கம் ஒத்துக்கிட்டது டிசம்பர்லதான். அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஜனங்க கல்லறையில கூடி பூசை வச்சுட்டாங்க. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்துச்சு, அதனால மதம் வந்துச்சுன்னு நிறைய பேர் சுருக்கமா சொல்லிட்டுப் போயிடுறாங்க, அல்பேனியால வரிசை அப்படி இல்ல.

அதனாலதான் சொல்றேன், டிரானால ஏர்போர்ட்ல இறங்குனதும் நேரா சிட்டிக்குள்ள போயி அங்க இருக்கிற பெரிய பெரிய புது கோவில்களைப் பாத்து ஆரம்பிக்காதீங்க. முதல்ல வடக்க ஷ்கோடர் போங்க. டிரானால இருந்து பஸ் இருக்கு, ஃபுர்கோன்னு சொல்ற ஷேர் வேனும் இருக்கு, ரெண்டு மணி நேரம் ஆகும். பெரிய கட்டடத்தை முதல்ல பாத்துட்டா மனசுல அதுதான் "திரும்பி வந்தது"ன்னு பதிஞ்சிடும், அப்புறம் கல்லறைத் தோட்டத்துல இருக்கிற சின்ன சேப்பல் கண்ணுலயே படாது.

ஷ்கோடர்ல ர்மாய்னு ஒரு கத்தோலிக்கக் கல்லறை இருக்கு, அங்கதான் முதல்ல போகணும். 1990 நவம்பர் 4, ஞாயித்துக்கிழமை, டோம் சிமோன் யுபானிங்கிற சாமியார் அங்க எல்லார் கண்ணு முன்னாடியும் பூசை வச்சாரு. 26 வருஷம் ஜெயில்ல இருந்துட்டு அதுக்கு முந்தின வருஷம்தான் வெளிய வந்த மனுஷன். வந்தது ஆயிரக்கணக்கான ஜனம், அதுல முஸ்லிம்களும் நிறைய. போலீஸ் என்ன பண்ணும்னு அன்னைக்கு காலையில யாருக்கும் தெரியாது, அதை நினைச்சுக்கிட்டு அந்த இடத்துல நில்லுங்க. ஏன் கல்லறைன்னு யோசிச்சுப் பாருங்க: சர்ச் எல்லாம் கோடவுனாவும் தியேட்டராவும் ஆகிடுச்சு, செத்தவங்களைப் புதைச்ச இடம் மட்டும்தான் மிச்சம். அது இப்பவும் ஜனங்க வந்து போற கல்லறைங்கிறதை மறக்காதீங்க, யாராவது குடும்பத்தோட அழுதுகிட்டு நின்னா போனை உள்ள வச்சிடுங்க.

அங்க இருந்து லெட் மசூதிக்கு போங்க, ஊருக்குத் தெக்க, கோட்டைக்கு கீழ இருக்கு, 1773-ல கட்டுனது, கூரைக் கும்பங்கள்ல ஈயத் தகடு போர்த்தியிருந்ததால அந்த பேரு. யுபானி பூசை வச்சு ரெண்டு வாரம்கூட ஆகல, நவம்பர் 16 வெள்ளிக்கிழமை, ஹாஃபிஸ் சப்ரி கோச்சி இங்க தொழுகை நடத்துனாரு. அவரும் இருபது வருஷம் போல ஜெயில்ல இருந்தவரு. இந்த தடவை கத்தோலிக்கர்கள் வந்து நின்னாங்க. அந்த ரெண்டு நாளையும் சேத்து பாத்தாதான் ஷ்கோடர் புரியும், ஒண்ணை மட்டும் பாத்துட்டு ஃபோட்டோ எடுத்துட்டு வர்றது பிரயோஜனமில்ல. கோச்சி அப்புறம் நாட்டோட முஸ்லிம் சமூகத்துக்கே தலைவரானாரு.

ஊருக்குள்ள வந்தீங்கன்னா புனித ஸ்தேவான் கதீட்ரல் இருக்கு. 19-ம் நூற்றாண்டுல கட்டுன பெரிய சர்ச், உள்ள ரொம்ப அகலமான ஹால். அந்த அகலம்தான் அதுக்கு வினையா போச்சு, 1967-க்கு அப்புறம் அதை ஸ்போர்ட்ஸ் பேலஸ் ஆக்கிட்டாங்க, வாலிபால், பாஸ்கெட்பால் எல்லாம் உள்ளேயே. நீங்க பீடத்துக்கு நேரா நடுவுல நின்னு கூரையைப் பாத்துட்டு அப்படியே தரையைப் பாருங்க, கோர்ட் கோடு எங்க போட்டிருப்பாங்க, ஜனங்க எந்தப் பக்கம் உக்காந்து கத்தியிருப்பாங்கன்னு கணக்கு போட்டுப் பாருங்க. ஞானஸ்நானம் வாங்குன அதே ஹால்ல சின்ன வயசுல மேட்ச் பாத்தவங்க இன்னைக்கும் அந்த ஊர்ல இருக்காங்க. 1993 ஏப்ரல்ல போப் ரெண்டாம் ஜான் பால் வந்து நாலு பிஷப்களை அபிஷேகம் பண்ணதும் இங்கதான், ஏன்னா நாட்டுல பிஷப்னு சொல்ல கிட்டத்தட்ட யாருமே மிச்சம் இல்லாம போயிருந்துச்சு.

ஷ்கோடர்ல விடவே கூடாத இன்னொரு இடம், சாட்சியம் மற்றும் நினைவு மியூசியம். அது பிரான்சிஸ்கன் சபைக்குச் சொந்தமான கட்டடம், கம்யூனிஸ்ட் காலத்துல சிகுரிமிங்கிற ரகசிய போலீஸ் அதை எடுத்து விசாரணைக் காவலுக்கு வச்சிருந்தாங்க. ஒரு குறுகலான காரிடார், ரெண்டு பக்கமும் செல். உள்ள போறப்போ சுவரைக் கிட்டக்க பாருங்க, அவசரப்படாதீங்க, கைதிங்க நகத்தாலயோ எதாலயோ கீறி வச்ச எழுத்து, சிலுவை எல்லாம் இருக்கு. ஒரு குழந்தைக்கு ரகசியமா ஞானஸ்நானம் கொடுத்ததுக்காக டோம் ஷ்டியெஃபென் குர்த்திங்கிற வயசான சாமியாரை 1971-ல சுட்டுக் கொன்னாங்க, அது மாதிரி கதைங்களை முன்னாடியே படிச்சுட்டு போங்க. 2016 நவம்பர்ல 38 பேரை ஒரே நாள்ல அருளாளர்னு (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) அறிவிச்சாங்களே, அதுல குர்த்தியும் ஒருத்தர். அந்த விழா நடந்ததும் கதீட்ரல் வாசல்லதான்.

சரி, இப்போ ஒரு கட்டடத்தை எப்படி படிக்கிறதுன்னு சொல்றேன், இது நாடு முழுக்க உதவும். எந்த மசூதி, சர்ச் பாத்தாலும் கேக்க வேண்டிய முதல் கேள்வி: 1967-ல இருந்து 1990 வரைக்கும் இது என்னவா இருந்துச்சு? பழசா, அழகா, ஃப்ரெஸ்கோ சுவரோவியம் எல்லாம் அப்படியே இருக்குன்னா அது பெரும்பாலும் "கலாச்சார நினைவுச்சின்னம்"னு லிஸ்ட்ல இருந்ததால தப்பிச்சது. டிரானால எத்தெம் பே மசூதி, கோர்ச்சால மிராஹோரி மசூதி, அர்தெனிட்சா மடம், பெராத் கோட்டைக்குள்ள இருக்கிற சர்ச்சுங்க எல்லாம் அப்படித்தான். அர்தெனிட்சால தேசிய வீரன் ஸ்கந்தர்பேக் கல்யாணம் நடந்ததா ஒரு நம்பிக்கை, அதுவே அந்த மடத்தைக் காப்பாத்திடுச்சு. பெராத்ல ஓனுஃப்ரி மியூசியம்னு இருக்கு, மரியன்னை சர்ச்சுக்குள்ளேயே வச்சிருக்காங்க, 16-ம் நூற்றாண்டு ஓவியர் ஓனுஃப்ரி வரைஞ்ச ஐகான்கள்ல, அதாவது சாமி படங்கள்ல, அந்த சிவப்பு கண்ணை விட்டு போகாது. இதையெல்லாம் பாத்து "பரவால்லயே, கம்யூனிஸ்ட்டுங்க நல்லாத்தான் பாதுகாத்திருக்காங்க"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. கலைன்னு பாதுகாத்தாங்க, கும்பிட விடல. கலைன்னு சொல்ல ஒண்ணும் இல்லாத சாதாரண கிராமத்து சர்ச்சும் தெரு மசூதியும் போயே போச்சு. அதனால ஒரு கிராமத்துல 90-களுக்கு அப்புறம் கட்டுன சிமெண்ட் மசூதியோ டைல்ஸ் ஒட்டுன சின்ன சர்ச்சோ பாத்து மூஞ்சியை சுளிக்காதீங்க, "பழமையே இல்லையே"ன்னு கமெண்ட் போடுறவங்களைப் பாத்தா எனக்கு கோவம்தான் வரும், அங்க பழசு இருந்துச்சு, இடிச்சாங்க, அதனாலதான் புதுசு.

ரெண்டாவது கேள்வி காசு யாரோடதுன்னு. 90-கள்ல நாடு பஞ்சத்துல கிடந்துச்சு, ஜனங்ககிட்ட கட்ட பணம் இல்ல, அதனால வெளியில இருந்து வந்துச்சு. ஷ்கோடர் நடுவுல இருக்கிற எபு பெக்கர் மசூதி 1995-ல சவுதிப் பணத்துல வந்தது, அதே இடத்துல இருந்த பழைய மசூதியை 1967-ல இடிச்சிருந்தாங்க. டிரானால பார்லிமெண்ட் பக்கத்துல நிக்கிற பெரிய மசூதி, நமாஸ்காஹ் மசூதின்னு சொல்வாங்க, துருக்கி அரசோட மத விவகாரத் துறையான தியானெத் நிதியில கட்டுனது, 2015-ல வேலை ஆரம்பிச்சு 2024 அக்டோபர்ல எர்டோவான் வந்து திறந்து வச்சாரு. நாலு மினாரா, பாக்க பிரமாதமாத்தான் இருக்கு. ஆனா அல்பேனிய முஸ்லிம்களே நிறைய பேர் அதை ரெண்டு மனசோடதான் பாக்குறாங்க, நமக்குன்னு ஒரு பெரிய இடம் கிடைச்சுதேங்கிற சந்தோஷம் ஒரு பக்கம், இதை யாரு நடத்தப் போறாங்கங்கிற கேள்வி இன்னொரு பக்கம்.

ஆர்த்தடாக்ஸ் பக்கம் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. 1991-ல அனஸ்தாசியோஸ்னு ஒரு கிரேக்க பேராயர், மத ஆய்வுப் பேராசிரியரா இருந்தவரு, கிழக்கு ஆப்பிரிக்கால மிஷன் வேலை பாத்தவரு, அல்பேனியாவுக்கு அனுப்பப்பட்டாரு. வந்து பாத்தா நாடு முழுக்க மிச்சம் இருந்தது இருபத்தி சொச்சம் சாமியார்கள், எல்லாரும் வயசானவங்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, செமினரின்னு ஒண்ணொண்ணா கட்டி அந்த சபையை சுத்தமா ஒண்ணுமில்லாததுல இருந்து எழுப்புனாரு, 2025 ஜனவரில சாகுற வரைக்கும் அவர்தான் தலைவர். அதே சமயம் "ஒரு கிரேக்கன் எப்படி நம்ம சபைக்கு தலைவன்"னு ஒரு கூட்டம் விடாம எதிர்த்துச்சு. 1994-ல வந்த அரசியல் சட்ட வரைவுல, பெரிய மத அமைப்புகளோட தலைவருங்க அல்பேனியாலேயே பிறந்தவங்களா இருக்கணும்னு ஒரு விதியையே போட்டாங்க, யாரைக் குறி வச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். பொதுவாக்கெடுப்புல ஜனங்க அந்த வரைவையே தோக்கடிச்சுட்டாங்க, அதுக்கு வேற காரணங்களும் இருந்துச்சு, ஆனா அவரு தங்குனாரு. டிரானால ஸ்கந்தர்பேக் சதுக்கத்துக்குப் பக்கத்துல 2012-ல திறந்த உயிர்த்தெழுதல் கதீட்ரல் இருக்கு, உள்ள போயி உக்காருங்க, குவிமாடத்தை அண்ணாந்து பாருங்க, எனக்கு டிரானால பிடிச்ச கட்டடம் அதுதான்.

ஸ்கந்தர்பேக் சதுக்கத்துக்கு வந்தாச்சுன்னா எத்தெம் பே மசூதி வாசல்ல ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க. 1991 ஜனவரி 18, யாரோட அனுமதியும் இல்லாம பத்தாயிரம் பேர் போல உள்ள நுழைஞ்சாங்க, போலீஸ் கை வைக்கல. ஹோஜாவோட சிலை அப்போ இதே சதுக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு, அதைக் கீழ தள்ளுனது அதுக்கு அப்புறம் பிப்ரவரில.

மூணாவதா பாக்க வேண்டியது அரசாங்கம் எங்க உள்ள வருதுங்கிறது. இதுக்கு ரொம்ப தூரம் போக வேணாம், நீங்க இறங்குன ஏர்போர்ட் பேரே அன்னை தெரேசா. அவங்க அம்மாவும் அக்காவும் டிரானாலதான் இருந்தாங்க, 70-கள் ஆரம்பத்துல ரெண்டு பேரும் செத்தும் போனாங்க, கடைசியா ஒரு தடவை பாக்க அவங்க எவ்வளவோ கேட்டும் அந்த அரசாங்கம் விடவே இல்ல. 1989-லதான் உள்ள வர முடிஞ்சுது, அதுவும் கல்லறைக்கு. இன்னைக்கு ஏர்போர்ட், சதுக்கம், அரசு விடுமுறை எல்லாம் அவங்க பேர்ல. கொல்கத்தாவோட அம்மான்னு மட்டும் நமக்குத் தெரிஞ்சவங்க, அங்க எல்லா மதத்துக்காரங்களும் சொந்தம் கொண்டாடுற அல்பேனியப் பொண்ணு. அரசு விடுமுறை லிஸ்டையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க, ரெண்டு ஈஸ்டர், ரெண்டு பெருநாள், கிறிஸ்மஸ், அதோட மார்ச் 22 நவ்ரூஸ், அது பெக்தாஷிகளுக்காக. 1998 அரசியல் சட்டம் அரசுக்குன்னு மதம் கிடையாதுன்னுதான் சொல்லுது, ஆனா எல்லாரையும் சமமா வச்சுக்கிறேன்னும் சொல்லுது.

பெக்தாஷின்னா ஒரு சூஃபி வழி. துருக்கில 1925-ல தைக்காக்களை எல்லாம் தடை பண்ணதும் அவங்க தலைமையகம் டிரானாவுக்கு வந்துடுச்சு, 1967-ல இங்கயும் பூட்டு, 1991 நவ்ரூஸ் அன்னைக்கு மறுபடி திறந்தாங்க. ஊரோட கிழக்கு ஓரத்துல இருக்கு, கீழ மியூசியம், யார் வேணா போலாம். 2024-ல பிரதமர் எடி ராமா அந்த தலைமையகம் இருக்கிற பத்து ஹெக்டேரை வாட்டிகன் மாதிரி ஒரு குட்டி நாடாவே ஆக்கப் போறேன்னு அறிவிச்சு உலகம் முழுக்க செய்தியாச்சு. எனக்கு இதுல சந்தேகம் உண்டு. பெக்தாஷி தலைவர் பாபா மொண்டியும் அவங்க ஆளுங்களும் நல்லவங்கதான், ஆனா ஒரு அரசு ஒரு மதத்தை தன்னோட விசிட்டிங் கார்டா எடுத்துக்கிட்டா அது அந்த மதத்துக்கு நல்லதுன்னு நான் நம்பல. அரசுக்கும் மதத்துக்கும் நடுவுல சொத்துத் தகராறும் இன்னும் முடியல, ப்பெர்மெட் ஊர்ல ஒரு பழைய சர்ச் இடம் கலாச்சார மையமா மாத்தப்பட்டு, 2013-ல ஆளை விட்டு சாமியார்களை வெளிய தூக்கிப் போட்டது பெரிய கலவரமாச்சு.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமான இடம், லாச். டிரானாவுக்கும் ஷ்கோடருக்கும் நடுவுல, மலைமேல ஒரு அந்தோனியார் கோவில். நம்ம ஊர்ல அந்தோனியார் கோவில்னா செவ்வாய்க்கிழமை, மதம் பாக்காம ஜனம் வரும்ல, அங்கயும் செவ்வாய்க்கிழமைதான், பதிமூணு செவ்வாய் நேர்த்திக்கடன், முஸ்லிம் வீட்டு அம்மாக்களும் வருவாங்க. சர்ச்சை கம்யூனிஸ்ட் காலத்துல இடிச்சுட்டாங்க, மலைக்கு போற வழியைக் கண்காணிச்சாங்க, அப்பவும் ராத்திரியில ஆளுங்க ஏறியிருக்காங்க. ஜூன் 13 திருவிழா, முந்தின ராத்திரியே ஜனம் நடக்க ஆரம்பிச்சிடும், சிலர் வெறுங்காலோட. கோவிலுக்குப் பக்கத்துல புனித பிளாசியார் பேர்ல ஒரு பாறைக் குகை இருக்கு. அங்க நின்னு ஜனங்க என்ன பண்றாங்கன்னு சும்மா பாருங்க: உள்ளங்கையை பாறையில தேய்ச்சு முகத்துல ஒத்திக்கிறது, வலிக்கிற முட்டியை, முதுகை கல்லுல அழுத்துறது, குழந்தையோட துணியை, ஃபோட்டோவை வச்சுட்டுப் போறது. பாறை கை பட்டுப் பட்டு வழவழன்னு ஆகியிருக்கும். டிரானா கட்டடங்களுக்கெல்லாம் கணக்கு எழுதி வச்சிருக்காங்க, யாரு எவ்வளவு கொடுத்தாங்கன்னு. இந்தப் பாறைக்கு யாரும் எதுவும் கொடுக்கல. அதனாலதான் ஷ்கோடரையும் லாச்சையும் முதல்ல வைக்கச் சொல்றேன், நம்பிக்கை வீட்டுல இருந்து வெளிய வந்துச்சு, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்து சேந்துச்சு. ஆகஸ்ட் கடைசியில போறவங்களுக்கு லாச் திருவிழா கிடைக்காது, ஆனா தொமோர் மலையில பெக்தாஷி யாத்திரை கிடைக்கும், ஆகஸ்ட் 20-ல இருந்து 25 வரை, கிடா வெட்டு, ஆட்டுக்கறி, குடும்பம் குடும்பமா டெண்ட்.

கடைசியா பேச்சு கொடுக்குறது. நம்ம ஆளுங்களுக்கு ஒருத்தர் பேரைக் கேட்டதும் என்ன மதம்னு மனசுக்குள்ள முடிவு பண்ற பழக்கம் இருக்கு. அங்க அது வேலைக்கே ஆகாது. 1975-ல பேர்களை மாத்தச் சொல்லி அரசாணையே போட்டாங்க, குழந்தைங்களுக்கு பழைய இல்லிரியப் பேருங்க வச்சாங்க, அக்ரோன், தெயூத்தா, இலிர்னு, மார்க்ஸ் எங்கெல்ஸ் லெனின் மூணையும் சேத்து மாரெங்லென்னு பேர் வச்சவங்களும் உண்டு. அதனால "நீங்க என்ன மதம்"னு நேரா கேக்காதீங்க, பதில் வரும் ஆனா அந்த பதில் உங்களுக்கு ஒண்ணும் சொல்லாது. ஐம்பது வயசு தாண்டுனவங்களா பாத்து, காபி குடிக்கிறப்போ, "சின்ன வயசுல உங்க பாட்டி பண்டிகைக்கு என்ன பண்ணுவாங்க"ன்னு கேளுங்க. அப்பதான் வரும், ஜன்னலை சாத்திட்டு ஈஸ்டர் முட்டைக்கு சாயம் போட்டது, அந்த முட்டை ஓட்டை எங்க புதைச்சாங்கங்கிறது, நோன்பு மாசத்துலயும் தவக்காலத்துலயும் ஸ்கூல்ல வேணும்னே சாப்பாடு, பால் கொடுத்து யாரு சாப்பிடலன்னு வாத்தியார் பாத்துக்கிட்டு நின்னது எல்லாம். அவங்களா சொன்னா கேளுங்க, யாரு காட்டிக் கொடுத்தாங்கன்னு மட்டும் தோண்டாதீங்க, காட்டிக் கொடுத்தவரு பக்கத்து வீட்டுலயே இன்னும் இருக்கலாம்.

நம்பர் வச்சு பேசுறவங்க சென்சஸ் எடுத்துப் போடுவாங்க, 2011-ல 56 சதவீதத்துக்கு மேல முஸ்லிம், 2023-ல அது 46-க்கும் கீழ, பாத்தீங்களா மதம் மறுபடி போயிடுச்சுன்னு. அதே 2023 கணக்குல "நம்பிக்கை உண்டு, ஆனா எந்த அமைப்புலயும் இல்ல"ன்னு சொன்னவங்க 13 சதவீதத்துக்கு மேல, பெக்தாஷின்னு சொன்னவங்களோட சதவீதம் ரெண்டு மடங்குக்கு மேல ஆகியிருக்கு, நாத்திகர்னு சொன்னவங்க 4 சதவீதம்கூட இல்ல, நிறைய பேர் பதிலே சொல்லல. 2011 கணக்கை ஆர்த்தடாக்ஸ் சபை ஒத்துக்கவே இல்லங்கிறதும் சேத்துப் பாருங்க. அந்த பதில் சொல்லாதவங்கள்ல ரெண்டு மூணு பேர்கிட்ட நீங்க காபி குடிச்சீங்கன்னா, செவ்வாய்க்கிழமை லாச்சுக்கு போறேன், வர்றீங்களான்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தராவது கார் எடுத்துட்டு வருவாங்க.